‘பரவால்ல’: படம் பார்த்தவர்கள் பேசுவதும் பேசாததும்

வெகுசன சினிமா குறித்து நமது சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி படங்களைப் பற்றியது. நடிகர், இயக்குநர், படம் முன்வைக்கும் கருத்தியல், அதன் ஆண்மையச் சொல்லாடல், அதன் சாதி, இப்படி. படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் பக்கத்தில் நிற்பவரிடம் என்ன சொன்னார் என்பது அனேகமாக எங்கும் பதிவாகவில்லை. பார்வையாளர் இரண்டே வேடங்களில்தான் நம் கட்டுரைகளுக்குள் வந்திருக்கிறார். ஒன்று, திரையின் மயக்கத்தில் கட்டுண்டு கிடக்கும் அப்பாவி. எம்.ஜி.ஆரின் பிம்பம் உழைக்கும் மக்களின் சம்மதத்தை எவ்வாறு பெற்றது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய ஆங்கில நூல் முக்கியமானது. ஆனால் அதைப் படித்த (படித்ததாகச் சொல்லிக்கொண்ட) நம்மில் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ‘ஜனங்க ஏமாந்துட்டாங்க’ என்கிற ஒற்றை வரியைத்தான். மற்றது, 1967இல் ரொலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்த பிறகு பிறந்த சுதந்திர வாசகர். பிரதியைத் தன் விருப்பப்படி கலைத்துப்போட்டு அர்த்தத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்பவர். முன்னவர் மேல் நமக்கு இரக்கம், பின்னவர் மேல் காதல். இரண்டு பேரில் ஒருவர் பேச்சையும் நாம் காது கொடுத்துக் கேட்டதில்லை.

எனக்குக் கேட்கக் கொஞ்சம் வசதி உண்டு. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, ஒரு காலத்தில் ஏழாம் எண் என்றும் இப்போது 44ஆம் எண் என்றும் சொல்லப்படும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது புதுச்சத்திரம். லாரி நிற்கும், கோழித்தீவன வண்டி நிற்கும், முட்டை லோடு நிற்கும். நின்றால் டீ, டீ என்றால் பேச்சு. நான் இந்தப் பக்கத்து வளவுக்காரன். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் டீக்கடைப் பேச்சிலும் எனக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. ‘வாங்க வாத்தியாரே’ என்பார்கள். நான் வாத்தியார் இல்லை, அது அவர்களுக்கும் தெரியும். ஆக, ஒரே படத்தைப் பற்றி வளவில் பேசுவதையும் கடையில் பேசுவதையும் ஒரே நாளில் கேட்க முடிகிறது. கீழே சொல்வதெல்லாம் அங்கிருந்து சொல்வதுதான். கள ஆய்வு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘படம் எப்படீங்க?’ என்று கேட்பவருக்குத் தேவைப்படுவது படத்தின் அழகியல் அல்ல. ஒரு ராத்திரித் தூக்கத்தையும் கையில் இருக்கும் காசையும் இதில் போடலாமா என்று கேட்கிறார். பதில் சொல்கிறவரும் அதை உணர்ந்தே சொல்கிறார். ‘நல்லாருக்கு’ என்றால் குடும்பத்தோடு போகலாம். ‘ஒருக்காப் பாக்கலாம்’ என்றால் தனியாகப் போ, எதிர்பார்ப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. ‘ஜவ்வு’ என்றால் போகாதே. (மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசி ஆலைகளும் நிறைந்த இந்தச் சமவெளியில் இந்தச் சொல்லுக்குக் கூடுதல் ருசி இருப்பதாக எனக்கு ஒரு பிரமை.) ஆனந்த விகடன் மதிப்பெண் போட்டது, 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 கொடுத்ததை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடையில் மதிப்பெண் இல்லை. அங்கே இருப்பது சொல்லும் அதை இழுக்கிற இழுப்பும்தான். ‘நல்லாருக்கு’ வேறு, ‘நல்லாத்தான் இருக்கு’ வேறு. இரண்டாவதில் ஒரு ‘ஆனால்’ ஒளிந்திருப்பதைக் கேட்பவர் தவறவிடுவதில்லை.

‘ஓடும்’, ‘ஓடாது’ என்ற சொற்களை நாம் வணிகப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அவை வேறுவிதமாகப் படுகின்றன. ‘எனக்குப் புடிச்சிருந்துச்சு, ஆனா ஓடாது’ என்று ஒரு கிளீனர் பையன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தன் ரசனையையும் ஊரின் ரசனையையும் அவன் பிரித்து வைக்கிறான். ஊர் எதை ஏற்கும், எதை ஏற்காது என்று அவனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் தன் ரசனைக்கு மேலே வைக்கவும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. படத்தைப் பற்றிச் சொல்வதுபோல் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிற பேச்சு இது. இதில் அப்பாவித்தனம் எங்கே இருக்கிறது?

எல்லாச் சொல்லிலும் தந்திரமானது ‘பரவால்ல’. அது பாராட்டும் இல்லை, வசையும் இல்லை. சொன்னவரை எதிலும் மாட்டிவிடாத சொல். யாரிடம் சொல்கிறோம், யார் காதில் விழுகிறது என்ற கணக்கில் பிறந்த சொல் இது. இதைப் புரிந்துகொள்ளக் கொட்டகைக்குள் ஒருமுறை போய் வர வேண்டும்.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலைக் கூடம் சினிமாக் கொட்டகையே, அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பின் படிநிலை அல்ல, காசு கொடுத்து வாங்கும் சக்தி என்று கா. சிவத்தம்பி 1981இல் வந்த தன் சிறுநூலில் சுட்டிக்காட்டினார். நம்மிடையே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கருத்துகளில் ஒன்று. தரை, பெஞ்சு, சேர் என்று டூரிங் கொட்டகையில் பிரித்தது உண்மையில் காசுதான். இந்தப் பக்கத்துக்குச் சினிமா ஒன்றும் தொலைவிலிருந்து வந்ததுமில்லை, திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில் ஏற்காடு சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. கொட்டகையில் வேலை செய்த பையன்களின் வாழ்வைப் பெருமாள்முருகன் 1993இல் ‘நிழல் முற்றம்’ நாவலாக எழுதியதும் திருச்செங்கோட்டை வைத்துத்தான்.

ஆனால் சிவத்தம்பி சொன்ன சமத்துவம் படம் ஓடுகிற மூன்று மணி நேரத்துக்கு மட்டும். அதுவும் இருட்டில். விளக்கு போட்டதும் ஜனங்கள் எழுந்து வெளியே வந்து, படத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிற இடம் கொட்டகை அல்ல. அது டீக்கடை, களம், பட்டறை, பஸ் நிறுத்தம். அந்த இடங்களில் இருக்கையைத் தீர்மானித்தது காசு இல்லை. இரட்டைக் குவளை இருந்த காலத்தில் ஒரே படத்தை ஒரே கொட்டகையில் பார்த்த இரண்டு பேர் அதைப் பற்றி ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசியிருக்க முடியாது. சினிமா பார்ப்பது பொதுவானது. சினிமா பேசுவது பொதுவாகவில்லை. சினிமாவை ஜனநாயகப்படுத்தும் சக்தியாகக் கொண்டாடிய நமது கட்டுரைகள் இந்த இரண்டாவது பாதியைக் கண்டுகொள்ளவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

‘சின்னக் கவுண்டர்’ (1992), ‘எஜமான்’ (1993), ‘நாட்டாமை’ (1994) என்று அடுத்தடுத்துக் கொங்குப் பண்ணையார்களின் பெருந்தன்மையைப் பாடிய படங்கள் வந்தபோது நான் சின்னப் பையன். அந்தப் படங்களுக்கு எங்கள் வளவிலிருந்தும் கூட்டமாகத்தான் போயிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், பாட்டை முணுமுணுத்திருக்கிறார்கள். எங்கப்பாவிடம் கேட்டேன், அப்போது பண்ணையத்தில் யாராவது படம் எப்படி என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று. ‘நல்லாருக்குதுங்க சாமீன்னு சொல்வோம். வேறென்ன சொல்றது?’ என்றார். பிடித்திருந்ததா என்றால், பிடித்துத்தான் இருந்தது என்கிறார். இந்த இரண்டாவது பதிலை மறைத்துவிட்டு முதல் பதிலை மட்டும் ‘ஒடுக்கப்பட்டோரின் மௌன எதிர்ப்பு’ என்று எழுதிவிடலாம்; எழுதியும் இருக்கிறோம். எனக்கு அது நேர்மையாகப் படவில்லை. பிடித்தும் இருந்தது, சொல்ல வேண்டிய கட்டாயமும் இருந்தது. இரண்டில் எது எதைத் தின்றது என்று அவருக்கே தெரியாது.

இப்போது ‘மாமன்னன்’ படத்துக்கு வருகிறேன். 2023 ஜூன் 29, பக்ரீத் அன்று வெளியானது. மாரி செல்வராஜ் இயக்கம். கதை நடப்பது ‘காசிபுரம்’ என்ற தனித்தொகுதியில். சேலத்துக்குப் பக்கத்தில் காசிபுரம் என்றால் எது என்று இங்கே யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. ராசிபுரம் 2011 தேர்தலிலிருந்து தனித்தொகுதி. அந்தத் தேர்தலில் அங்கே வென்ற ப. தனபால், அருந்ததியர் சமூகத்தவர், 2012இல் சட்டப்பேரவைத் தலைவரானார், 2021 வரை அந்த நாற்காலியில் இருந்தார். படத்தின் முடிவில் வடிவேலு நடித்த மாமன்னனும் பேரவைத் தலைவராகிறார். படம் எந்தச் சாதியின் பெயரையும் உச்சரிக்கவில்லை. ஆனால் தன் தொகுதிக்குள், ஆதிக்க சாதிக்காரர் வீட்டில், ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு உட்கார நாற்காலி கிடையாது. முழுப் படமும் அந்த நாற்காலியைச் சுற்றித்தான்.

அந்த வாரம் டீக்கடையில் நான் கேட்டது: ‘வடிவேலு பின்னிட்டாப்ல.’ ‘பாட்டு சுமாருதான்.’ ‘மொதப் பாதி நல்லாருக்கு, ரெண்டாவது பாதி இழுவை.’ ‘அந்த மலையாளத்தான் நடிப்பு ஒண்ணு போதும்.’ ‘பரவால்ல, ஒருக்காப் பாக்கலாம்.’ நாற்காலியைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் பாதி இழுவைதானே என்று கேட்டால், ஆமாம், இழுவைதான். தேர்தல் காட்சிகள் அவசர அவசரமாகக் கோர்க்கப்பட்டவை. அந்த விமர்சனம் தவறில்லை. ஆனால் முதல் பாதி, இரண்டாம் பாதி, நடிப்பு, பாட்டு, லைட்டிங் என்று நாம் ‘சினிமா மொழி’ என்று மதிக்கும் சொற்கள் எல்லாம் இங்கே வேறு ஒரு வேலையைச் செய்தன. சாதியைப் பேசாமல் சாதிப் படத்தைப் பேசுவதற்கு ஒரு வழி போட்டுக் கொடுத்தன. அந்த வழியில் எல்லோரும் நடக்க முடிந்தது, என்னையும் சேர்த்து. திரைக்கதையைக் குறை சொல்வது ஒரு பாதுகாப்பான காரியம்.

சாயங்காலம் வளவில் அதே படத்துக்கு வேறு பேச்சு. இரண்டாம் பாதி என்ற சொல்லே அங்கே வரவில்லை. ‘நெசமா நிக்க வெச்சாங்களா?’ என்று ஒரு பொடியன் கேட்கிறான். ‘எம்மெல்லேன்னா மட்டும்?’ என்று பதில் வருகிறது. யார் எப்போது எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு திண்ணையை, ஒரு அலுவலகத்தை, ஒரு பண்ணை வீட்டைச் சொல்லிக்கொண்டே போனார்கள். கோயில் குளத்தில் குளித்த பையன்களைக் கல்லால் அடிக்கிற காட்சியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. படத்தைத் தங்கள் ஊரோடு வைத்துச் சரிபார்க்கிற பேச்சு அது. நன்றாக எடுத்திருக்கிறானா என்பதைவிட நடந்ததைத்தான் எடுத்திருக்கிறானா என்பது கேள்வி. நம் கோட்பாட்டாளர்கள் இதைப் பாமரத்தனமான யதார்த்தவாதம் என்று சொல்லக்கூடும். சரிபார்க்கத் தன் வாழ்க்கையைத் தவிர வேறொன்றும் இல்லாதவர் வேறு எதை வைத்துப் பார்ப்பார்?

மறுநாள் கடையில், அதே வளவுக்காரர்களில் ஒருவரிடம் யாரோ கேட்டார்கள், படம் பாத்தியாப்பா என்று. ‘பாத்தனுங்க. பரவால்லீங்க’ என்றார்.

இதுவரை நம் கட்டுரைகளுக்குப் பழகிய கதைதான்: மேலே ஒரு பேச்சு, கீழே ஒரு பேச்சு, நடுவில் மௌனம். அடுத்த மாதம் நடந்தது பழகாதது. ஜூலை 27 அன்று படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. வந்த சில நாட்களில் படத்தின் வில்லன் ரத்தினவேல், ஃபகத் ஃபாசில் நடித்த ஆதிக்க சாதித் தலைவர், கைபேசிகளில் நாயகனாகிவிட்டார். அவர் நடந்து வரும் காட்சியை வெட்டி, பின்னால் ஒரு சாதிப் பாட்டை ஒட்டி, முப்பது விநாடித் துண்டுகளாகப் போட்டார்கள். ஒரு சாதிக்காரர்கள் மட்டுமல்ல. படம் சாதிப் பெயரைச் சொல்லாமல் விட்டதால் அந்தச் சட்டையை ஆளுக்கொரு சாதியாகப் போட்டுக்கொள்ள முடிந்தது. பந்தயத்தில் தோற்ற தன் நாயைத் தானே அடித்துக் கொல்பவராகத்தான் படம் அவரை அறிமுகப்படுத்துகிறது. கடைசியில் தேர்தலில் அவர் பக்கம் தோற்கிறது. நான் பார்த்த துண்டுகளில் அந்த நாயும் இல்லை, தோல்வியும் இல்லை.

ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று தொலைக்காட்சிப் பார்வையாளருக்கு மூன்று நிலைகளைச் சொல்கிறது. பிரதி சொல்வதை அப்படியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசுவது, எதிர்த்து வாசிப்பது. மூன்றாவதைத்தான் நாம் தூக்கிப் பிடித்தோம். எதிர்ப்பு வாசிப்பு என்ற சொல்லே நமக்கு ஒரு போராட்டம்போல் ஒலித்தது. இப்போது ரத்தினவேல் துண்டுகளை இந்த அட்டவணையில் எங்கே வைப்பது? சாதி எதிர்ப்புப் படம் ஒன்றின் முன்மொழிவை நிராகரித்து, ஆசிரியனைக் கொன்று, அர்த்தத்தைத் தாங்களே உற்பத்தி செய்துகொண்ட பார்வையாளர்கள் இவர்கள். இலக்கணப்படி இது அப்பட்டமான எதிர்ப்பு வாசிப்பு. வாசகரின் சுதந்திரம் என்று நாம் கொண்டாடிய அதே சுதந்திரம் சாதியின் சுதந்திரமாகவும் இருக்க முடியும் என்பதை நம்மில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஹாலைக் குறை சொல்ல முடியாது, அவர் ஆதிக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னவர். ஒரு படத்துக்குள் மாமன்னன் வென்றுவிட்டதால் படத்துக்கு வெளியேயும் அவர்தான் ஆதிக்கப் பிரதி என்று ஆகிவிடாது. நாம்தான் எதிர்ப்பு என்றாலே கீழிருந்து வருவது என்று நம்பிக்கொண்டோம்.

வில்லனை இவ்வளவு கவர்ச்சியாக எடுத்தது இயக்குநரின் பிழை என்று அப்போது சில நண்பர்கள் வாதிட்டார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுகூட இல்லை. 1992இல் ‘தேவர் மகன்’ வன்முறையை விட்டுவிடச் சொல்லி முடிந்தது. ஜனங்களில் ஒரு பகுதியினர் முடிவை விட்டுவிட்டு அதன் பாட்டை எடுத்துச் சாதி விழாக்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் கையை இழக்கும் இசக்கியாக நடித்தவரும் வடிவேலுதான். அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்று மாரி செல்வராஜே 2023 ஜூனில் பாடல் வெளியீட்டு மேடையில் கமல்ஹாசன் முன்னிலையில் சொன்னார். முப்பது வருஷம் கழித்து ஒரு படம் இன்னொரு படத்துக்குப் பதில் சொல்கிறது. பார்வையாளரில் ஒரு பகுதியினர் அந்தப் பதிலை மறுபடியும் பழைய பாட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். நடிகரைக் கொஞ்சம் அசிங்கமாகக் காட்டியிருந்தால் இது நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. வெட்டி ஒட்டுவதற்கு எதுவும் போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அபிப்பிராயம் வாக்கியமாக வரவில்லை என்பது. ‘ரத்தினவேல் செஞ்சது சரிதான்’ என்று டீக்கடையில் எழுந்து நின்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று ஒருவர் கேட்கலாம், வாதம் வரலாம். துண்டுப் படத்திடம் ஏன் என்று கேட்க முடியாது. அதைக் கைபேசியில் ஸ்டேட்டஸாக வைத்தவர், கடையில் ‘ரெண்டாவது பாதி இழுவை’ என்று சொன்ன அதே ஆளாக இருக்கலாம். அவருடைய இரண்டு அபிப்பிராயமும் உண்மைதான். ஒன்று கேட்கிற காதுக்கு, மற்றது காட்டிக்கொள்ள வேண்டிய கண்ணுக்கு.

இதை வெறும் விளையாட்டு, பொடிப் பையன்கள் வேலை என்று தள்ளிவிட இந்த மாவட்டத்தில் வாய்ப்பில்லை. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். முதல் குற்றவாளி தலைமறைவாக இருந்த நாட்களில் அவருடைய குரல் வாட்ஸப்பில் ஊர் ஊராகச் சுற்றியது, வீர உரைபோல. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூன் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் முதல் குற்றவாளிக்கான தண்டனையை உறுதி செய்தது. அதே மாதக் கடைசியில்தான் ‘மாமன்னன்’ வந்தது. ரத்தினவேல் துண்டுகளைத் தட்டிவிட்ட விரல்களுக்கு அந்தக் குரலைத் தட்டிவிட்ட பழக்கம் ஏற்கெனவே இருந்தது. வளவுக்காரர் ‘பரவால்லீங்க’ என்று சொன்னது இந்தக் காதுகளுக்கு நடுவே நின்றுதான்.

சினிமா முதலாளிகளும் சாதாரணப் பார்வையாளரின் வாயைக் கண்டு பயப்படுகிறார்கள், ஆனால் அவர்கள் பயம் வேறு. 2024 நவம்பரில் ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ படங்களைச் சுட்டிக்காட்டி, முதல் நாள் தியேட்டர் வாசலில் யூடியூப்காரர்கள் ஜனங்களிடம் மைக்கை நீட்ட விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் தரப்பு கோரியது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். அந்தத் தடை கிடைக்கவில்லை. கருத்துச் சுதந்திரம் காப்பாற்றப்பட்டது என்று நாமும் மகிழ்ந்தோம். அந்த மைக்கின் முன்னால் வருகிற அபிப்பிராயம் எப்படிப்பட்டது என்று யோசித்தோமா? ‘வேற லெவல்’, ‘மொக்கை’. ஊர், தெரு, பக்கத்தில் நிற்பவர் எல்லாவற்றையும் கழித்துவிட்ட பிறகு மிஞ்சுவது அவ்வளவுதான். முதலாளிக்கு ஆபத்தான பேச்சும் சாதிக்கு ஆபத்தான பேச்சும் ஒன்றல்ல.

இதுவரை நான் சொன்ன எந்தப் பேச்சிலும் பெண்கள் இல்லை. டீக்கடையில் அவர்கள் இல்லை. வளவுத் திண்ணையில் இருந்தாலும் ஆண்கள் பேசி முடிக்கும்வரை படம் அவர்களுடையது இல்லை. அவர்கள் பேசுவது கோழிப்பண்ணையில், முட்டை பொறுக்குகிற நேரத்தில். படத்தை அவர்கள் பார்த்தது வீட்டில், பாதி கைபேசியில், மீதி டிவியில், துண்டு துண்டாக. என் சின்னம்மா வேலை செய்கிற பண்ணையில் ‘மாமன்னன்’ பற்றி நடந்த பேச்சை அவரே சொல்லக் கேட்டேன். நாற்காலியும் பேச்சில் இருந்தது, பன்றிக்குட்டிகளும் இருந்தன. ஆனால் அவர்கள் அதிக நேரம் பேசியது ரத்தினவேலின் மனைவியைப் பற்றி. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ரவீனா ரவி. மற்ற நடிகைகளுக்குக் குரல் கொடுக்கிற டப்பிங் கலைஞர். படத்தில் அவருக்கு ஒரு வரி வசனம் கிடையாது. கணவனைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். சிறுபத்திரிகைக் கட்டுரைகளில் நான் படித்தவரை அந்த மனைவியைப் பற்றி ஒரு பத்தி இல்லை, டீக்கடையில் ஒரு சொல் இல்லை, துண்டுப் படங்களில் அவர் ஓரமாகக்கூட இல்லை.

பண்ணையில் ஒருத்தி, ‘அந்தப் புள்ள ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவன் அடங்கியிருப்பான்’ என்றிருக்கிறாள். இன்னொருத்தி, ‘கேட்டிருந்தா அந்த நாய்க்கு ஆனதுதான் அவளுக்கும்’ என்றிருக்கிறாள். மூன்றாமவள் கவுண்டர் வீட்டுப் பெண், அதே பண்ணையில் அதே கூலிக்கு வேலை செய்கிறவள். அவள் எதுவும் சொல்லவில்லையாம். படம் எப்படி இருந்தது என்று சின்னம்மா அவளிடம் நேராகவே கேட்டிருக்கிறார். ‘நீங்க சொல்லுங்கக்கா’ என்று சொல்லிவிட்டு முட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாளாம்.